வரவில்லை

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாடம் இயங்கலைக்கு மாறியது. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருபத்திரண்டு பேர். திரைக்கு வந்தது ஒன்பது பேர்தான். மற்ற பெயர்களுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதினேன்.

அதில் ஒருத்தி தினமும் இரவு பத்து மணிக்குத்தான் பயிற்சியைப் படம்பிடித்து அனுப்புவாள். ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன், "பகலெல்லாம் என்ன பண்ணுற?"

"அப்பா வேல முடிஞ்சு வந்தாதான் போன், டீச்சர். அண்ணன் செஞ்சு முடிக்கணும், அப்புறம்தான் நான்."

அந்த ஆண்டு கல்வி அமைச்சின் ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. அவள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டாள். வீட்டில்தான் போன் இருக்கிறதே! பள்ளியில் கணக்கெடுத்தபோது அவள் பெயருக்கு நேராக 'உண்டு' என்று எழுதியதும் நான்தான்.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் என் பழைய மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசுக்கு நிம்மதி. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், "லேப்டாப் நல்லா இருக்கு டீச்சர். ஆனா லைன் அப்பா போன்லதானே?" என்றாள். மடிக்கணினியும் இரவு வரைக்கும் அப்பாவுக்காகக் காத்திருந்திருக்கிறது. அப்புறம்தான் மாதாமாதம் டேட்டாவுக்கும் காசு கட்டினேன்.

2021-இல் செர்டிக் திட்டம் தொடங்கியது. 150,000 கருவிகள், டேட்டாவோடு சேர்த்து. செய்தியைப் படித்ததும் அவளுடைய 'லைன்'தான் ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள்.

அந்த வருகைப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வந்தவளை எழுத அதில் கட்டமே இல்லை.