முதலில் காற்றைக் கவனி

டிரோன்டன், நெதர்லாந்து

அன்புள்ள மருமகன் செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சைக்கிளில் 1,000 வாட் மோட்டார் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இந்த ஊரில் ஓடும் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வெலோமொபில் என்பார்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, மேலே மீன் போல வழவழப்பான கூடு. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறார். போன வாரம் என்னையும் உட்கார வைத்தார். மேலே உள்ள திறப்பில் காலை விட்டு, இரண்டு கையையும் ஓரத்தில் ஊன்றி, மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். முதுகு சாய்ந்துவிடும், தலை மட்டும் வெளியே. பெடல் கண்ணில் படாமல் முன்மூக்கில் இருக்கிறது. செயின் முழுக்க உள்ளே ஓடுவதால் மழையும் மண்ணும் அண்டுவதில்லை. எடை ஏறத்தாழ 30 கிலோ. மோட்டார் கிடையாது. ஆனாலும் சமதரையில் மணிக்கு 40 கி.மீ.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறார்.

காரணம் காற்றுதான். 30 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பவனின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. அப்படியிருக்க மோட்டாரைப் பெரிதாக்குவது செலவான வழி, உருவத்தை மாற்றுவதுதான் மலிவான வழி.

இதை 90 வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். பிரான்சில் சார்ல் மோஷே என்பவர், மகனுக்காகப் பெடல் வைத்த சின்னக் கார் ஒன்று செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சாய்ந்து ஓட்டும் அவருடைய சைக்கிள். 1933 ஜூலை 7 அன்று பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் அதை ஓட்டி ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ.யைத் தாண்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் எட்டிய 44.247 கி.மீ. அதுவரை அசையாமல் நின்ற சாதனை. ஃபோர் முன்னணி வீரர்கூட இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது தெரியுமா? 1934-இல் சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி வகுத்து, சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிட்டது. மோஷேயும் அதே வருடம் காலமானார். அந்த விதி பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம். பந்தயத்தில் இல்லாத வண்டியை எந்தக் கம்பெனி செய்யும், எந்தக் கடை வாங்கி வைக்கும்? போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது பாரிஸ்காரர்கள் மோஷேயின் பெடல் கார்களைத் தேடி வாங்கினார்கள். பெட்ரோல் வந்ததும் மறந்துவிட்டார்கள்.

இங்கே ஓடும் வெலோமொபிலை அப்படியே நம் பாளையங்கோட்டையில் ஓட்ட முடியாது. கூட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை; முதல் வேகத்தடையிலேயே அடி தட்டும். லாரிக்காரர் கண்ணிலும் படாது. சித்திரை வெயிலில் மூடிய கூட்டுக்குள் மிதித்தால் மயக்கமே வரும். ஆகவே நீ உயரமாகச் செய், பக்கங்களைத் திறந்து விடு, முன்பக்கத்துக்கு மட்டும் கூடு போடு. பாதிப் பலன் கிடைத்தாலே போதும்.

இன்னொன்று. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட, எடை குறைந்த பேட்டரி வண்டிக்கு நம் நாட்டில் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். 1,000 வாட் என்றால் அந்தச் சலுகை போய்விடும்.

சாய்ந்து உட்காரும் சீட்டையும் முன்கூட்டையும் முதலில் வரைந்து பார். மோட்டாரை அப்புறம் முடிவு செய்யலாம். வெல்டிங் பட்டறைக்குப் போகுமுன் வரைபடத்தை எனக்கு அனுப்பு. குழாய் வாங்கும் செலவு என்னுடையது. அத்தானிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா