சொந்த ஊர் பசறைதான் சார்

 

உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலர் இந்தியப் புலமைப்பரிசில் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள. விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. போய் இறங்கிய முதல் வாரம் எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் மூன்று பேர் 2011 இல் சென்னைக்குப் படிக்கப் போனோம். மூவருக்கும் ஊர் பசறை. ஒருவர் டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, மற்ற இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். இன்று மூவருமே ஊவாவில் ஆசிரியர்கள்.

பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் பத்து மணித்தியாலம் போனது. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. மணிக்கூட்டைத் திருப்பவும் தேவையில்லை, 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். "தமிழ் பேசுற ஊருக்குத்தானே போறீங்க, அங்க என்ன புதுசு?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள்.

முதல் நாள் ஓரியன்டேஷன். நம் பாடப்புத்தகத் தமிழில் 'திசைமுகப்படுத்தல்'. மண்டபத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி வரிசை. ஆப்பிரிக்க நாட்டுப் பிள்ளைகள், ஆப்கானிஸ்தான் பிள்ளைகள், நடுவில் நாங்கள். மேடையில் பேசியது எல்லாமே எங்களுக்கு விளங்கியது. ஆனாலும் இருந்தது அந்த வரிசையில்தான்.

அங்கே சொன்னவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று, 75 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இரண்டு, பகிடிவதை செய்யமாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் எழுத்தில் உறுதி தரவேண்டும். யூ.ஜி.சி. 2009 இல் கொண்டுவந்த விதி அது. நமது நாட்டிலும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் நம் பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்தது சொற்கள். 'கல்லூரியில் படித்தோம்' என்றால், ஏற்கனவே பட்டம் வாங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். நமக்குக் கல்லூரி பள்ளிக்கூடம், அவர்களுக்கு அது பட்டப்படிப்பு. உயர்தரம் என்றால் புரியாது, 'பிளஸ் டூ' என்று சொல்லவேண்டும். இசட் புள்ளியை எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. சவர்க்காரம் கேட்டால் கடைக்காரர் விழிப்பார், சோப்பு என்று கேளுங்கள்.

ஆனால் உண்மையான ஓரியன்டேஷன் எங்களுக்கு அந்த மண்டபத்தில் நடக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். இப்போது இணையத்தில் செய்கிறார்கள், அன்று நேரில்தான் போகவேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் வீதியில், சாஸ்திரி பவனில் இருந்தது.

பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மூவரும் நின்றுவிட்டோம். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே சாஸ்திரியின் பெயர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. நாட்டை விட்டுப் போகவேண்டிய மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களில் ஒருவருடைய அப்பாயியின் தம்பி அந்தக் கணக்கில் போனவர். பசறையிலிருந்து தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. போன தம்பியை அப்பாயி மௌத்தாகும்வரை, இல்லை, அவர்கள் வழக்கத்தில் சொன்னால் கண்மூடும்வரை, பார்க்கவே இல்லை.

அந்தப் பேரன்தான் இப்போது படிவத்தோடு கவுன்டர் முன்னால் நிற்கிறார். அலுவலர் நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஸ்ரீலங்காவா? யாழ்ப்பாணமா தம்பி?"

"இல்ல சார், பசறை."

"தாத்தா எல்லாம் எந்த ஊரு?"

"திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க."

"அப்ப சொந்த ஊரு திருச்சின்னு சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "சொந்த ஊர் பசறைதான் சார்."

அலுவலர் கேட்டதில் தவறில்லை, உறவாக நினைத்துத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் 1948 இல் பறித்த பிரஜாவுரிமை இருக்கிறது. 2003 வரை அது முழுதாகத் தீராமல் இழுபட்ட கதை இருக்கிறது. ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தே லயத்தில் கிழமாகிப்போன மனிதர்கள் இருக்கிறார்கள்.

முதல் விடுமுறையில் மூவரும் கோத்தகிரி போனோம். அந்தத் தாத்தாவின் பிள்ளைகளைக் கண்டுபிடித்தோம். அதே தேயிலை, அதே குளிர். அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர், அங்கே போனபின் சிலோன்காரர். மத்தியானச் சோற்றோடு தேங்காய்ச் சம்பல் வைத்தார்கள். அதைப் பார்த்து எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புது இடத்துக்குப் போனால் தொழுகிற நாம் முதலில் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்போம். சென்னையிலும் விடுதி அறைக்குள் போனதும் அதைத்தான் கேட்டோம். ஊர் மாறினால் திரும்பும் கோணம் மாறும், திரும்பும் இடம் மாறாது. திசைமுகப்படுத்தல் என்பதை நாங்கள் விளங்கிக்கொண்டது அப்படித்தான்.

போகிற பிள்ளைகளே, சான்றிதழ்களில் மூன்று நான்கு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நம் சதுர முனை பிளக் அங்கே நுழையாது, உருண்டை முனை வாங்குங்கள். பதிவுக்கான நாளைத் தவறவிடாதீர்கள். நம் தமிழைக் கேட்டுச் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள், ஆனால் மாற்றிக்கொள்ளாதீர்கள். சொந்த ஊர் எது என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தப் பதிலை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள். மூவரில் ஒருவராவது இருப்போம்.