சுமை இறங்கிய பிறகு

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டில் திரைக்கு வந்தது. விடியுமுன் மலையேறி, ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் அதன் நாயகன் ரங்கசாமி, தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதியவர் இல்லை. தேனி ஈஸ்வரின் கேமரா காட்டிய பாறையும் மேகமும் எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். இசை, பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. நிலமற்ற கூலிகளின் படம் என்று பலரும் எழுதினார்கள், சரிதான். எனக்கு அது முதுமையைப் பற்றிய படமாகவும் தெரிகிறது.

மூச்சிரைத்தாலும் தன் சுமையை இன்னொருவருக்குத் தராத முதியவர் ஒருவர் அதில் வருகிறார். வீம்பு என்று சொல்லிவிடலாம். அந்த மூட்டை இருக்கும் வரைதான் மலையில் அவருக்கு மரியாதை என்பது அவருக்குத் தெரியும். ரங்கசாமிக்கோ ஒரு துண்டு நிலம் வேண்டும். சேமித்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. பிறகு எப்படியோ நிலம் கிடைக்கிறது. கூடவே கடனும் வருகிறது. மலைக்குச் சாலை வந்து சுமைக்காரர்களுக்கு வேலையில்லாமல் போகிறது. சிறைக்குப் போய்த் திரும்பிய பிறகு நிலம் கைவிட்டுப் போகிறது, அதில் காற்றாலை நிற்கிறது. கடைசியில் சீருடை மாட்டிக்கொண்டு, சொந்த மண்ணிலேயே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். கிழவர் என்று சொல்லும் வயதில்லை. ஆனாலும் அப்படி உட்கார்ந்திருப்பதில் ஒரு முழு ஆயுள் முடிந்துபோயிருக்கிறது.

எங்கள் தெருவிலும் ஒரு தாத்தா இருந்தார். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறும் பாதையில் இளவயது முழுக்கத் தலைச்சுமை தூக்கியவர். இன்று தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இருட்டோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் போகிறார்கள். அந்த ஜீப் சத்தம் கேட்டதும் தாத்தா எழுந்து திண்ணைக்கு வந்துவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை, தோள் துண்டை எடுத்து முறுக்கும், வட்டமாகச் சுற்றும், முனையை உள்ளே செருகும். சும்மாடு தயாராகிவிடும். சற்று நேரம் அதை மடியில் வைத்திருந்துவிட்டுப் பிரித்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார். வயது கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்வார். எந்த வளைவில் ஊற்று இருக்கும், எங்கே மூட்டையை இறக்காமல் சாய்த்து இளைப்பாறலாம் என்று கேட்டால் குரல் மாறிவிடும். முதுகு நிமிரும்.

அவரைப் பார்த்த பிறகே மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ எனக்கு முழுதாக விளங்கியது. 2022-இல் வந்த அந்தப் படத்தின் களம், எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டி உசிலம்பட்டி வட்டாரம். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜத்திலும் விவசாயி. படம் வெளியாகும் முன்பே காலமானார். 69-ஆவது தேசிய விருதுகளில் அவர் பெயர் சிறப்புக் குறிப்பு பெற்றது. காது மந்தமான மாயாண்டி, ரங்கசாமியைவிட எவ்வளவோ மூத்தவர். ஆனால் அந்தப் படத்தில் முதுமையின் சோர்வே இல்லை. செத்துக்கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர்மேல் வழக்கு பாய்கிறது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவருடைய கவலையெல்லாம் தண்ணீரில்லாமல் வாடும் பயிர்தான். காரணம், குலசாமி கும்பிட ஊருக்குப் புது நெல் வேண்டும். அதை விளைவிக்க அவரை விட்டால் ஆளில்லை.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ரங்கசாமியை ஆண்டுகள் முதியவராக்கவில்லை. அவர் காலும் தோளும் கற்றுவைத்திருந்ததை இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றான நாளில்தான் அவருக்கு வயதாகிறது. மாயாண்டியிடம் கேட்க ஊருக்கு இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது.

முதியவர்களுக்கு அரசு தருவது பணம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது கட்டாயம் வேண்டும். மருந்துக்கும் காபிக்கும் மகனிடம் கையேந்தாமல் இருப்பது பெரிய விஷயம். அதோடு நாமும் ஒன்று தரலாம். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதற்கு மேல், அவர்களுக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம். இந்த மழை நிற்குமா, எந்த விதையை எடுத்துவைப்பது, பழைய பாதை எந்தப் பக்கம் என்று. மரியாதைக்காகக் கேட்காமல், நமக்குத் தேவை என்பதற்காகக் கேட்க வேண்டும். நிஜமாகவே நமக்கு அது தேவைதான்.