காணாத முகத்துக்குக் கண்ணீர்

மனிதர் யாருக்காக அழுகின்றனர்? பெற்றவருக்கு அழுகின்றனர், உடன்பிறந்தவருக்கு அழுகின்றனர். நாட்டை நடத்திய தலைவர் மறைந்தால் வீதியே கூடி அழுகிறது. பாடிய கலைஞர் மறைந்தால், பாட்டைக் கேட்டவர் அழுகின்றனர். இவையெல்லாம் நமக்குப் பழகிய துயரங்கள். ஆனால் விளையாட்டுப் பெட்டி செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் தலைவர் மறைந்ததற்காக, அவரை ஒருநாளும் நேரில் காணாத, அவர் பேசும் மொழியும் அறியாத பல நாட்டு மக்கள் கண்கலங்கினர் என்றால் நம்புவீர்களா? 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது நிகழ்ந்தது.

அவர் பெயர் சடோரு இவாட்டா. ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவர். மாரியோ என்னும் மீசைக்காரரை அறியாத மாணவர் இந்த வளாகத்தில் இருக்க முடியாது. அந்த மாரியோவை உலகுக்குத் தந்த நிறுவனம் அது. 2014இல் இவாட்டாவின் பித்தநாளத்தில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை மருத்துவம் செய்தனர். உடல் மெலிந்தது, ஆயினும் பணிக்குத் திரும்பினார். 2015 ஜூலை 11ஆம் நாள், தம் 55ஆம் வயதில் மறைந்தார். செய்தி இரண்டு நாள் கழித்தே வெளியாயிற்று.

அடுத்து நிகழ்ந்ததைக் கேளுங்கள். கியோட்டோவில் நிறுவனத்தின் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. நியூயார்க்கில் இருந்த நிண்டெண்டோ கடையில் மக்கள் மலரும் மடலும் கொண்டுவந்து வைத்தனர். அந்நாளில் நிண்டெண்டோ கருவிகளில் ‘மீவெர்ஸ்’ என்றோர் அரங்கம் இருந்தது. 2017இல் அது மூடப்பட்டுவிட்டது. விளையாடுவோர் தம் கையால் படம் வரைந்து பிறருக்குக் காட்டும் இடம் அது. அந்த அரங்கம் முழுவதும் அவர் முகமாக நிறைந்தது. நன்றாக வரையத் தெரிந்தவர் வரைந்தனர். தெரியாதவர் இரண்டு வட்டமும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கிறுக்கி, கீழே ‘நன்றி’ என்று எழுதினர். ஜூலை 17ஆம் நாள் கியோட்டோவில் இறுதிச் சடங்கு நடந்தது. புயல் மழையையும் பொருட்படுத்தாமல் அஞ்சலி செலுத்த வந்தோர் 4,000 பேருக்கும் மேல்.

இந்தச் செய்திகளை நம் சங்கத்து மூத்த மாணவி ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “பொம்மை வித்துப் பணம் சேர்த்த முதலாளிதானே? அவருக்கு எதுக்குடி இத்தனை அழுகை?” என்றார். அக்காவின் கேள்வி நியாயமான கேள்வி. கம்பெனித் தலைவர்களைக் கடவுளாக்கும் காலம் இது. பெருஞ்செல்வர் ஒருவர் தும்மினாலும் அதைத் தத்துவமாக எடுத்துப் போற்றும் கூட்டம் உண்டு. ஆகவே, இவாட்டாவுக்குச் சிந்திய கண்ணீரும் அந்த வகையைச் சேர்ந்ததுதானா என்று ஆராய்வது நம் கடமை.

இவாட்டா முதலாளியாகப் பிறந்தவர் அல்லர், தொழிலாளியாகத் தொடங்கியவர். 1959இல் வடஜப்பானின் சப்போரோ நகரில் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போதே எச்.பி-65 என்னும் கணக்குப் பொறி கைக்கு வந்தது. மற்றவர்கள் அதில் கூட்டலும் பெருக்கலும் செய்தனர். இவர் அதற்குள் விளையாட்டுகளை எழுதினார். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டே ஹால் என்னும் சிறு நிறுவனத்தில் பகுதிநேர வேலை பார்த்தார். பட்டம் பெற்றதும் அங்கேயே சேர்ந்தார். பிள்ளை படித்த படிப்புக்கு இதுவா வேலை என்று அவர் தந்தை ஆறு மாதம் அவரோடு பேசவில்லையாம். ஜப்பானியத் தந்தைக்கும் நம் தந்தையர்க்கும் இதில் என்ன வேறுபாடு இருக்கிறது, சொல்லுங்கள்!

அவர் கைவண்ணத்துக்கு இரண்டு சான்று கூறுகிறேன். 1984இல் நிண்டெண்டோ ஒரு கோல்ப் விளையாட்டு செய்ய எண்ணியது. 18 குழிகள் கொண்ட மைதானங்களை அக்காலத்துச் சிறிய கேசட்டில் அடக்க முடியாது என்று மற்றவர்கள் கைவிரித்தனர். இவாட்டா தரவுகளைச் சுருக்கும் வழியொன்றைத் தாமே கண்டு, தனி ஒருவராக எழுதி முடித்தார். இரண்டாவது, 1985இல் வீடுகளுக்கு வந்த ‘பலூன் ஃபைட்’. முதுகில் இரண்டு பலூன்களைக் கட்டிய ஒரு மனிதன், கையை அடித்து அடித்து வானில் மிதப்பான். எதிரியின் பலூனை உடைப்பான். கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பொறியில் அவன் வெட்டி வெட்டி நகர்ந்தான். இவாட்டா எழுதிய வீட்டுப் பெட்டியிலோ, திறன் குறைந்த கருவியாயிருந்தும், வழுக்கிக்கொண்டு மிதந்தான். காரணம் என்ன? மனிதன் நிற்கும் இடத்தை முழு எண்ணாக மட்டும் கணக்கிடாமல், பின்னத்தையும் விடாமல் வைத்துக்கொண்டார் இவாட்டா. திரையில் பின்னம் தெரியாது. அரைப்புள்ளி என்று ஒன்று அங்கே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பின்னம் உள்ளே சேர்ந்துகொண்டே வருவதால்தான் மிதப்பு மிதப்பாக இருக்கிறது.

இயற்பியல் படிக்கும் எனக்கு இதைப் படித்த நாளில் உடல் சிலிர்த்தது. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணைச் சோம்பலால் வெட்டியெறிந்தால் விடை என்னவாகும் என்பதை ஆய்வகத்தில் நாம் அனைவரும் அறிவோம். யாரும் பாராட்டப் போவதில்லை என்று தெரிந்தும் பின்னத்தைக் காப்பாற்றுகிறவரே நல்ல தொழிலாளி.

அந்தச் சிறு நிறுவனம் கடனில் மூழ்கியது. கடன் 150 கோடி யென். 1993இல், 33 வயதில் அதன் தலைமைப் பொறுப்பு இவாட்டாவிடம் வந்தது. அவர் செய்த முதற்காரியம், ஊழியர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே அமர்ந்து பேசியது. அவ்வழக்கத்தை ஆண்டுக்கு இருமுறை தொடர்ந்தார். சில ஆண்டுகளில் கடன் அடைந்தது. 2000இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். 2002இல் அதன் நான்காம் தலைவரானார். முந்தைய மூவரும் நிறுவனரின் குடும்ப வழியினர், இவரோ வெளியார்.

அவர் காலத்தில்தான் 2004இல் ‘டிஎஸ்’ என்னும் கைக்கருவியும், 2006இல் ‘வீ’ என்னும் பெட்டியும் வந்தன. முன்னது 15 கோடிக்கு மேலும் பின்னது 10 கோடிக்கு மேலும் விற்றன. எண்ணிக்கையை விட, விளையாடியவர் யார் என்பதே வியப்பு. மற்ற நிறுவனங்கள் இளைஞருக்காக மேலும் மேலும் விரைவான கருவிகளைச் செய்தபோது, விளையாட்டை அஞ்சி ஒதுங்கிய தாயும் பாட்டியும் எடுத்து ஆடத்தக்க கருவி வேண்டும் என்றார் இவாட்டா. பொத்தான்கள் நிறைந்த பிடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சியை இயக்கும் கோல் போன்ற ஒன்றைக் கையில் தந்தார்; வீசினால் பந்து ஓடும். முதியோர் இல்லங்களில் எல்லாம் அதை வைத்துப் பந்து உருட்டி மகிழ்ந்தனர்.

வெற்றியில் நல்லவராயிருத்தல் எளிது. 2011இல் ‘3டிஎஸ்’ கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. விலையைக் குறைக்க நேர்ந்தது. இவாட்டா தம் ஊதியத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ‘வீ யு’ என்னும் கருவி தோற்றபின், 2014இல் மீண்டும் ஐந்து மாதங்களுக்குப் பாதி ஊதியமே பெற்றார். ஆட்களைக் குறைத்தால் கணக்கு நேராகுமே என்று 2013இல் பங்குதாரர் கூட்டத்தில் கேட்டபோது, வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களால் பிறர் உள்ளத்தைத் தொடும் படைப்பைச் செய்ய இயலாது என்ற கருத்துப்பட விடையளித்தார். நண்பர்களே, நம்மில் பலர் அடுத்த ஆண்டு வேலை தேடப் போகிறோம். ஒரே மடலில் ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பும் செய்திகளை நாள்தோறும் படிக்கிறோம். அந்த விடையின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவின் வேலை எங்களைத் திருநெல்வேலியிலிருந்து டில்லிக்குக் கொண்டுவந்தது. இந்தி தெரியாது, தெருவில் தோழியர் இல்லை. அப்பா நடைபாதைக் கடையொன்றில் தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் பெட்டியொன்றை வாங்கி வந்தார். அது நிண்டெண்டோ செய்ததன்று. அதன் பழைய பெட்டியைப் பார்த்து யாரோ செய்த மலிவுப் பிரதி. அதிலிருந்த விளையாட்டுகளில் எனக்கும் தம்பிக்கும் உயிரானது பலூன் ஃபைட்தான். செய்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்த ஆச்சி, கட்டிலில் அமர்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்ப்பாள். தண்ணீரை ஒட்டிப் பறந்தால் பெரிய மீனொன்று பாய்ந்து விழுங்கிவிடும். “ஏளா, மேல போ! மீன் வருது பாரு!” என்று ஆச்சி கத்துவாள். மொழி தெரியாத ஊரில் எங்கள் வீட்டில் எழுந்த முதற்சிரிப்பு அது என்று நினைக்கிறேன். இவாட்டா என்பவரே அதை எழுதினார் என்று பதினெட்டு வயதில்தான் அறிந்தேன். அறிந்தபோது அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ற மார்கழியில் ஆச்சி இறந்தாள். விடியற்காலையில் அப்பா தொலைபேசியில் சொன்னார். இங்கிருந்து ஊர் சேர ரயிலில் இரண்டு இரவு. மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. “நீ கிளம்பாதேம்மா. வந்து சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்” என்றார். இது என் ஒருத்தியின் துயரன்று. இதைப் படிப்போரில் எத்தனை பேருக்கு இப்படியொரு விடியற்காலைத் தொலைபேசி வந்திருக்கும்! பிழைக்கவும் படிக்கவும் தொலைவு வந்தவர்களுக்குக் கடைசி முகம் காணக் கிடைப்பதில்லை.

அன்று மாலை என்ன செய்வதென்று தெரியவில்லை. விடுதி அறைத் தரையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு குழிகள் வரைந்தேன். புளியங்கொட்டைக்கு எங்கே போவது? உணவுக்கூடத்தில் கேட்டு எழுபது கொண்டைக்கடலை வாங்கி, குழிக்கு ஐந்தாக வைத்தேன். ஆச்சி எனக்குக் கற்றுத்தந்த பல்லாங்குழி. பக்கத்து அறைப் பீகார்த் தோழி வந்து எட்டிப் பார்த்தாள், எதிரே அமர்ந்தாள். அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் தன் நாவில் ‘பசு, பசு’ என்று சொல்லி எடுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மீவெர்ஸில் கிறுக்கிய குழந்தைகளை நான் புரிந்துகொண்டது அன்றுதான். அவர்களாலும் கியோட்டோவுக்குப் போக முடியாது. மாலை போட முடியாது. தோள் கொடுக்க முடியாது. அவர் தந்த கருவியில் அவர் முகத்தை வரைந்தார்கள். அவர் செய்த விளையாட்டை மறுபடி எடுத்து ஆடினார்கள். தொலைவில் இருப்பவர் செய்யத்தக்க சடங்கு அதுவே. பிணத்தருகே நின்று அழுவதற்கு அது சற்றும் குறைந்ததன்று.

உடன் உழைத்தவர்களும் அவ்வாறே செய்தனர் போலும். 2017 மார்ச்சில் நிண்டெண்டோ ‘ஸ்விட்ச்’ என்னும் கருவியை வெளியிட்டது. சில மாதங்கள் கழித்து, ஆராய்ந்து பார்த்தவர்கள் அதனுள் ஒளிந்திருந்த ஒன்றைக் கண்டனர். கருவியின் நாள்காட்டி ஜூலை 11 காட்டும் நாளில், இரு பிடிகளையும் கையில் ஏந்தி, இவாட்டா மக்களோடு பேசும்போது வழக்கமாகச் செய்யும் கைச்சைகையைச் செய்தால், 1984இல் அவர் தனியாக எழுதிய கோல்ப் விளையாட்டு திறக்கும்! விளம்பரம் இல்லை, அறிவிப்பு இல்லை. கோயிலில் வாங்கிக் காப்பாக வைத்துக்கொள்ளும் தாயத்தைப் போன்றது இது என்று ஜப்பானியர் சிலர் கூறினர். பின்வந்த திருத்தம் ஒன்றில் அது நீக்கப்பட்டது. ஆயினும் என்ன? விற்றுப்போன ஒவ்வொரு பெட்டியிலும் சில காலம் அந்தப் பெயர் சொல்லாத நினைவு இருந்தது. திரையில் தெரியாமல் உள்ளே சேரும் பின்னம் போல.

அக்காவுக்கு என் விடை இதுதான்: அந்த மக்கள் முதலாளிக்கு அழவில்லை. தாம் தனிமையில் இருந்த மாலைகளில், முகம் தெரியாத ஒருவர் தமக்காகக் கவனத்தோடு உழைத்திருக்கிறார் என்பதை அறிந்து அழுதனர். நிறுவனங்கள் இலாபத்துக்கே நடக்கின்றன, நிண்டெண்டோவும் அவ்வாறே. ஆனால் இலாபக் கணக்கில் வராத ஓர் அக்கறை ஒரு பொருளில் இருக்குமானால், அதைக் கடலுக்கு அப்பாலிருக்கும் குழந்தையின் கை கண்டுபிடித்துவிடுகிறது.

நாமும் நாளை எதையேனும் செய்யப் போகிறவர்கள். ஒருவர் மருந்து செய்வார், ஒருவர் பாலம் கணக்கிடுவார், ஒருவர் பள்ளியில் பாடம் சொல்வார். நம் பெயர் அறியாத ஒரு வீட்டில் அது போய்ச் சேரும். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு குழந்தை மொழி தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குழந்தையை நினைத்துப் பின்னத்தை வெட்டாமல் வேலை செய்வோம்.