அடங்கிய குரலுக்கு ஒரு செவி

ஒலிவாங்கி என்றதும் நம் பக்கத்து மக்கள் மனத்தில் எழுவது மேடையும் அதில் முழங்கும் குரலுமே. நாகூர் இ. எம். ஹனீபா போன்ற வெண்கலக் குரலோர் பாடுகையில் எந்த மைக்கும் தன் கடமையை எளிதில் முடித்துவிடும். உரத்த குரலுக்கு ஒலிவாங்கி ஓர் ஊழியன். அடங்கிய குரலுக்கோ அதுவே வழக்கறிஞன்.

பெரம்பலூரில் சவுண்ட் சர்வீஸ் தொழிலில் காலம் கழித்த நம்மிடம், சகோதரியின் மகன் இத்தகைய வழக்கொன்றைக் கொண்டுவந்தான். அவன் செல்லோ வாசிப்பவன். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி அது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இழைக்கப்படுவது. அரியலூரில் அவன் நண்பர்கள் கிதாரும் டிரம்ஸும் கொண்டு ராக் இசை பயில்கின்றனர். கூடிப் பதிவு செய்த பாடலில் செல்லோ இருந்த இடமே தெரியவில்லை. அந்த ஒலியைக் கீபோர்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றனர் நண்பர்கள். “மாமா, இத்தனை ஆண்டுப் பயிற்சி ஒரு பொத்தானுக்கு ஈடாகுமா?” என்று அவன் கேட்டான்.

குற்றம் வாசிப்பில் இல்லை. செல்லோவின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளில் ஒலிப்பது. கிதாரின் அடித்தந்தியோ 82. இரண்டும் ஒரே நிலத்தில் உழும் ஏர்கள். அவற்றுள் ஒன்றுக்கு மின்சாரத்தின் வலுவும் சேர்ந்துவிட்டால் மற்றது என்ன செய்யும்?

மூன்று வழிகளை ஆராய்ந்தோம். கருவியின் குதிரையில் ஒட்டும் பிக்கப் டிரம்ஸை உள்ளே விடாது. ஆனால் மரத்தின் கனிவையும் விடாது, மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். அடுத்தது, 1965 முதல் வழங்கிவரும் ஷூர் எஸ்.எம். 57 போன்ற டைனமிக் மைக். முன்புறம் கேட்டுப் பின்புறம் செவிடாகும் இயல்புடையது. அதன் முதுகை டிரம்ஸுக்குக் காட்டி வைத்தால் கூட்டு வாசிப்பில் ஓரளவு காப்பாற்றும். எனினும் வில் தந்தியைத் தொடும் அந்த மெல்லிய மூச்சு அதில் மங்கிவிடுகிறது. மூன்றாவது, 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும் கண்டென்சர். அது அனைத்தையும் கேட்கும். கேட்க வேண்டாதவற்றையும் கேட்கும்.

அரியலூரில் அதுவே இடர். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்லும் டிப்பர் லாரிகளின் உறுமல் சுவரைக் கடந்து வந்தது. பல மைக்குகளில் தாழ்ந்த ஒலியை வெட்டும் விசை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 80 அதிர்வுகளை ஒட்டியே வெட்டத் தொடங்குவது. லாரியை விரட்டப்போய்ச் செல்லோவின் அடித்தந்தியையும் மெலியச் செய்துவிடும்.

1966-ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினரின் ‘எலினார் ரிக்பி’ பாடலுக்காக, செல்லோ இரண்டு உள்ளிட்ட எட்டு நரம்புக் கருவிகள் லண்டனில் பதிவாயின. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் மைக்குகளைத் தந்திகளுக்கு மிக நெருக்கமாக வைத்தார். வில்லின் உராய்வும் இசையே என்ற துணிவு அது. ஆனால் அப்பாடலில் டிரம்ஸோ கிதாரோ இல்லை. அந்தத் தனிமையை நாம் வேறு வகையில் தேடவேண்டியிருந்தது.

ஆகவே நண்பர்களின் வாசிப்பு அரியலூரிலேயே பதிவாகட்டும், செல்லோவைத் தனியே சேர்ப்போம் என்று முடிவு செய்தோம். பெரம்பலூரில் நெடுஞ்சாலைக்கு விலகிய வீட்டின் உள்ளறையில் மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்தோம். கருவியின் ஊன்றுகம்பிக்கு அடியில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டோம். ஊர் உறங்கியபின் ஹெட்போனில் நண்பர்களைக் கேட்டுக்கொண்டே அவன் வாசித்தான். கண்டென்சரைக் குதிரைக்கு ஒன்றரை அடி முன்னே நிறுத்தினோம். எஃப் வடிவத் துளைக்கு நேரே கொண்டுபோனால் பானைக்குள் பேசுவதுபோல் கனத்தது. குதிரையை நோக்கிச் சற்றே திருப்பினோம், தெளிந்தது.

பாடலில் செல்லோ நிலைத்தது. கிதாரைக் குறைத்துக்கொள்ள நண்பர்களே முன்வந்தனர். கேட்ட பிறகு கீபோர்டைப் பற்றி எவரும் பேசவில்லை.

மைக்கின் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் தாம் வாசிக்கும் அறையில் சிறிது நேரம் வாளாவிருந்து, அங்கே என்னென்ன கேட்கிறது என்று இளைஞர்கள் செவிமடுப்பார்களாக. தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.