கொளத்தூர் மீன் சந்தை... கருவி வாங்கும் முன் கவனியுங்கள்!

சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். தெருவெங்கும் கண்ணாடித் தொட்டிகள், பைகளில் நீந்தும் மீன்கள், ஃபில்டர் கடைகள். கடல் மீன் தொட்டிக்கு நைட்ரேட் நீக்கும் கருவி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

மீன் கழிவும் மிஞ்சிய தீவனமும்தான் தொட்டியில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. 'புரோட்டீன் ஸ்கிம்மர்' கழிவை முன்கூட்டியே நுரையாக வெளியேற்றும்; சேர்ந்துவிட்ட நைட்ரேட்டை எடுக்காது. அதை எடுப்பது கந்தக ரியாக்டர். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் தழைச்சத்து வாயுவாகி வீணாகிறதே, அதுபோன்ற பாக்டீரியா வேலைதான் இதற்குள்ளும் நடக்கிறது. ஆனால், நீரோட்டம் மிகவும் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் நச்சு வாயு உருவாகும். கடற்பாசிப் பெட்டி இதைவிட எளிது. வளர்ந்த பாசியை அறுத்தெடுத்தால் நைட்ரேட்டும் வெளியேறிவிடும்.

முதலில் பரிசோதனை கிட் வாங்குங்கள். தீவனத்தைக் குறைத்து, வாரம் 10 சதவிகிதம் உப்பு நீரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அளவு இறங்காவிட்டால் மட்டும் கருவிக்குச் செலவு செய்யுங்கள்.