யானைகள் தாங்கும் ஆலைவாயில்

மது ஆலை என்றதும் நம்மவர் முகஞ் சுளிப்பது இயல்பே. குடியினாற் கெட்ட குடும்பம் ஒன்றேனும் இல்லாத ஊர் நம்மிடையே அரிது. ஆதலால், டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்குச் சென்ற நாம், அரண்மனைகளை ஒருபுறம் விட்டு, பியர் ஆலையொன்றைக் காண்பதற்கு ஒரு முழுப் பகலைச் செலவிட்டோம் எனின் வாசக நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும், பாடசாலை ஆய்வுகூடத்திலே கரைசலொன்றின் பீ.எச். பெறுமானத்தை அளந்து குறித்துக்கொள்ளும் மாணவர் ஒவ்வொருவரும் அந்த ஆலைக்குக் கடன்பட்டவரே. அஃது எவ்வாறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நகரின் மத்தியிலிருந்து புகைவண்டியிற் புறப்பட்டுச் சில நிமிடங்களில் கார்ல்ஸ்பேர்க் என்னும் நிலையத்தில் இறங்கினோம். ஓர் ஆலையின் பெயரையே நிலையம் தாங்கி நிற்கின்றது. அங்கு பெருமளவில் பியர் காய்ச்சும் வேலை 2008 ஆம் ஆண்டுடன் முடிவுற்று, யூட்லாந்திலுள்ள பிரெடெரிசியா நகருக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய ஆலை நிலத்திலே இன்று மாடிவீடுகளும் கடைகளும் எழுந்துள்ளன. ஆயினும் செங்கற் கட்டடங்கள் பலவற்றை இடித்துத் தள்ளாது பேணி வைத்திருக்கின்றனர்.

அவற்றுள்ளே எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 1901 இல் அமைக்கப்பட்ட யானை வாயிலாகும். கருங்கல்லிற் செதுக்கிய நான்கு பெரிய யானைகள் கோபுரமொன்றைத் தம் முதுகிலே தாங்கி நிற்கின்றன. கோயில் வாயிலில் யானையைக் கண்டு பழகிய நமக்கு, பனி பெய்யும் வட நாட்டிலே இக்காட்சி விந்தையாகவே இருந்தது. யானைகளின் மேல் சுவஸ்திகைச் சின்னமும் காணப்படுகின்றது. நாஜிகள் அதனைத் தமது கொடியில் ஏற்றிக் களங்கப்படுத்துவதற்கு முன்னர், அந்த ஆலையார் அதனை நற்குறியாகவே கொண்டிருந்தனர். யானை ஒவ்வொன்றும் ஆலை அதிபரின் பிள்ளைகளுள் ஒருவரின் பெயரின் முதலெழுத்தைத் தாங்குகின்றது. ஆனால், பிள்ளைகளின் பெயரைக் கல்லிலே பொறித்த அந்தத் தந்தை, அடுத்த ஆண்டிலேயே தமது ஆலையைப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இதனை விளங்கிக்கொள்ள அவருடைய தந்தையாரின் காலத்துக்குச் செல்லவேண்டும்.

யே. சி. யாக்கொப்சன் என்பார் 1847 இல் நகருக்கு வெளியேயிருந்த வால்பி மேட்டிலே தமது புதிய ஆலையை நிறுவினார். மகன் கார்லின் பெயரையும், மேடு எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்துக் கார்ல்ஸ்பேர்க் எனப் பெயரிட்டார். பியரின் உயிர்நாடி மதுவம் ஆகும். நமது பனங்கள்ளை நுரைக்கச் செய்வதும், கள் விட்டுப் பிசைந்த அப்பமாவைப் பொங்கச் செய்வதும் இத்தகைய நுண்ணுயிர்களே. யாக்கொப்சன் 1845 இலேயே மியூனிச் நகருக்குச் சென்று சிறந்த மதுவத்தைப் பெற்றுவந்தார். தபால் வண்டி நின்ற இடந்தோறும் குளிர்ந்த நீரை ஊற்றி, வழிநெடுக அதனை வெப்பத்திலிருந்து காத்தார் என்பது அங்கு வழங்கும் கதை.

பிற ஆலையதிபர்கள் தத்தம் தொழில் இரகசியத்தைப் பூட்டி வைத்திருந்த அக்காலத்தில், யாக்கொப்சன் 1875 இல் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவி, அங்கு கண்டறியப்படும் பயனுள்ள முடிவு எதனையும் மறைத்து வைக்கலாகாது என்று விதி வகுத்தார். அந்த விதிக்கு 1883 இல் சோதனை வந்தது. ஆலையின் பியர் கெட்டுப்போயிற்று. வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலிலிருந்து கல்வியால் உயர்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், அங்கு ஆராய்ச்சியாளராக இருந்தார். நல்ல மதுவத்துடன் காட்டு மதுவமும் கலந்தமையே கேட்டுக்குக் காரணம் என அவர் கண்டார். தனியொரு கலத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்தே தூய மதுவத்தைப் பெருக்கும் வழியையும் வகுத்தார். போட்டியாளர்களை வீழ்த்த இதைவிடச் சிறந்த ஆயுதம் வேறில்லை. யாக்கொப்சனோ அம்முறையை உலகறிய வெளியிடச் செய்தார். தூய மதுவத்தைப் பிற ஆலைகளுக்கும் விலையின்றி வழங்கினார்.

அதே 1883 இல், உணவில் உள்ள நைதரசனை அளந்து அதன் புரதத்தைக் கணிக்க உதவும் முறையை அங்கு கெல்டால் வகுத்தார். நாம் முன்னர்க் கூறிய பீ.எச். அளவை 1909 இல் அங்கேயே சோரன்சன் ஆக்கியதாகும். இன்று மண்ணைச் சோதிக்கும் கமக்காரரும் குடிநீரைச் சோதிக்கும் அலுவலரும் அதைப் பயன்படுத்துகின்றனர். எவரும் அதற்கென அந்த ஆலைக்கு ஒரு சதமும் செலுத்துவதில்லை.

ஊருக்கு இத்துணை தாராளமாயிருந்த யாக்கொப்சன், வீட்டிலே அவ்வாறிருந்தாரல்லர். பியரை விரைவாகவும் மிகுதியாகவும் ஆக்கி விற்க விரும்பிய மகனோடு அவருக்குப் பகை மூண்டது. கார்ல் தனியே புதிய கார்ல்ஸ்பேர்க் ஆலையை எழுப்பினார். இரு ஆலைகளுக்கும் இடையிலிருந்த ஒரே வீதிக்குத் தந்தை ஒரு பெயரும் மகன் மற்றொரு பெயரும் சூட்டிப் பலகை நாட்டிய கதையைக் கேட்டு, எல்லைவேலிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம்மூர்க் குடும்பங்களை நினைத்துக்கொண்டோம். தந்தை தமது ஆலையை மகனுக்கு விடாது, அறிவியலை வளர்க்கத் தாம் 1876 இல் நிறுவிய அறநிதியத்துக்கே உரித்தாக்கினார். 1886 இல் இருவரும் மனம் ஒத்தனர். மறு ஆண்டு தந்தை ரோம் நகரிலே காலமானார்.

மரபுரிமை கைநழுவிய மகன் மனங்கசந்து போயிருக்கலாம். ஆனால் கார்லும் 1902 இல் தமது ஆலையை அதே நிதியத்துக்கு ஈந்து, கலைகளை வளர்க்கத் தனியொரு நிதியத்தையும் நிறுவினார். நகரின் புகழ்பெற்ற சிற்பக் கூடமும், கடலோரப் பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையும் அவர் கொடைகளே. தந்தை வாழ்ந்த மாளிகையோ அறிஞர் ஒருவரின் உறைவிடமாகும்படி விடப்பட்டது. அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் 1932 முதல் 1962 இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார்.

மாலையில், தானே பியர் காய்ச்சி விற்கும் சிறிய மதுச்சாலை ஒன்றுக்கும் சென்றோம். மேசைகளுக்கு அப்பால், கண்ணாடித் தடுப்பின் பின்னே செப்பு அண்டாக்கள் பளபளத்தன. முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹொப்ஸ் பூக்களுடன் காய்ச்சி, ஆறவைத்து மதுவம் இடுவதை அங்கிருந்த இளைஞர் விளக்கினார். மதுவத்தை எங்கிருந்து பெறுகின்றீர் என வினவினோம். தூய மதுவத்தை வளர்த்து விற்கும் ஆய்வுகூடங்களிலிருந்து பொதியாக வருகின்றது என்றார். ஹான்சனின் முறை, பேராலையின் போட்டியாளரான அச்சிறு கடையிலும் வேலை செய்வதைக் கண்டோம். உடன் வந்தோர் ஒவ்வொரு குவளை பருகினர். நாம் எலுமிச்சம்பழச் சாற்றுடன் அமைந்தோம்.

நற்கொடை செய்தமையால் மதுவின் தீமை மறைந்துவிடுமா என்று நேயர்கள் கேட்பின், மறையாது என்பதே எமது விடை. பியரினால் அழிந்த இல்லங்கள் டென்மார்க்கிலும் உண்டு. ஆயினும் குற்றமற்ற தொழில்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் தாம் கண்ட வழியைப் பிறருக்கும் திறந்து காட்டினர்? எத்தனை பேர் தம் மக்களுக்கு அப்பாலும் மக்கள் உண்டென எண்ணினர்? மதுவத்திலே ஒரு சிட்டிகையை அயலவனுக்குக் கொடுத்தால் கொடுத்தவனுக்குக் குறைவதில்லை. இரு வீட்டிலும் அது பெருகும். கல்வியும் அத்தகையதே என நம் பெரியோர் என்றோ சொல்லிவைத்தனர். அதனை வாயாற் சொல்வதோடு நில்லாது, விதியாக எழுதி அதன்படி நடந்தவர் ஒரு பியர் வணிகர் என்பதை நாம் சற்றே வெட்கத்துடன் நினைவிற் கொள்ளுதல் நன்று.